பூச்சியம் தசம் இரண்டு

கரண்ட் போனால் குருநகர் ஏசும்.
நான் மட்டும் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு ஓடுவேன்.
ஐஸ் பக்டறியின் ஜெனரேற்றர் அப்போதுதான் உறுமும்,
அதன் புகைக்குழாயில் நாங்கள் போட்ட துளையால்
அப்போதுதான் எனக்கு வேலை வரும்.

மூன்று மீற்றர்க் கோபுரம்.
உள்ளே விரல்நுனி அளவில் எஃகு வளையங்கள்,
எண்ணியவர் யாருமில்லை.
மேலிருந்து அமீன் கரைசல் ஒழுகும்,
கீழிருந்து குளிர்ந்த புகை ஏறும்.
ஈரமான வளையங்களின் இடுக்கில்
நைதரசன் யாரையும் பாராமல் மேலே போய்விடும்.
காபனீரொட்சைட்டு கையைக் கொடுத்து
கரைசலோடு இறங்கிவிடும்.

முதல் நாள் பெனடிற் மூக்கைப் பொத்தினான்.
'உதென்ன மணம்?'
அமீன், என்றேன்.
'குருநகருக்கு மீன் வாடையைக்
கொழும்பிலையிருந்து கானிலை கொண்டந்த
முதல் ஆள் நீங்கள்தான் மிஸ்.'

பிடிக்கிறது பெரிய காரியமில்லை.
நாற்பது பாகையில் தானாகவே ஒட்டும்.
ஒட்டியதைக் கழற்றத்தான்
நூற்றிருபது பாகை வேண்டும், கொதிகலன் வேண்டும்,
கொதிகலனுக்கு டீசல்,
டீசலுக்குப் புகை,
அந்தப் புகைக்கு இன்னொரு கோபுரமா
என்று என் கொப்பியின் ஓரத்தில்
நானே எழுதி நானே வெட்டியிருக்கிறேன்.

முதல் மாதம் எனக்குப் பூச்சியம் வேண்டியிருந்தது.
கரைசலைக் கடைசி மூலக்கூறு வரை கறந்து
வெறுமையாய் மேலே அனுப்பினால்
கூடுதலாய்க் குடிக்கும் என்று கணக்கு.
குடித்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு.
நான் படம் எடுத்து வாகீசனுக்கு அனுப்பினேன்.
பெனடிற் டீசல் பீப்பாவுக்குள் தடியை விட்டு,
எடுத்து,
நனைந்த இடத்தைப் பெருவிரலால் பிடித்தபடி
என் முன்னால் நின்றான்.
ஒன்றும் சொல்லவில்லை.
நனைந்தது ஒரு சாண்கூட இல்லை.

பிறகு பதினொரு கரண்ட் கட்.
ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி.
கொதிகலனைக் கொஞ்சம் கொஞ்சமாய் இளக்கினேன்.
கரைசலின் வேகத்தைக் கூட்டினேன், பிறகு குறைத்தேன்.
ஒரு கட் நாலு நிமிடத்தில் முடிந்துபோய்
கோபுரம் சூடாகவே இல்லை.
கோடு கீழே இறங்கியது, வளைந்தது,
திரும்ப ஏறியது.
வளைவின் அடியில்: பூச்சியம் தசம் இரண்டு.
ஐந்து அமீனுக்கு ஒன்று
இறக்காத சுமையாகவே இருக்கட்டும்,
அதோடு திரும்பி மேலே போகட்டும்.
பிடிப்பு எண்பத்தெட்டு.
டீசல் அரைவாசிக்குக் கொஞ்சம் மேலே.

தொண்ணூற்றேழை ஒரே கோட்டில் வெட்டவில்லை.
மூன்று தரம் வெட்டினேன்.

'பிடிச்ச வாயு எங்கை போகுது?'
கூரைக்கு மேலே நீட்டிய சின்னக் குழாயைக் காட்டினேன்.
அளந்து, எழுதி, அதால் விடுறம்.
வைக்க இடமில்லை. வாங்க ஆளில்லை.
'அப்ப ஏன் பிடிச்சனீங்கள்?'
என்ன விலைக்குப் பிடிக்கலாம் எண்டு பார்க்க.
அவன் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.
'குஞ்செண்டா
நாங்களும் திருப்பித்தான் விடுறனாங்கள்,' என்றான்.
ஆறுதலா, நக்கலா, தெரியவில்லை.

திருநாளுக்கென்று பின்மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.
காய்கிற மதில், நீராவி கேட்காமல்,
என் குழாய் விட்டதையும் ஊர் விட்டதையும்
இழுத்துக் கல்லாகிக்கொண்டிருந்தது.
பொறாமையாகத்தான் இருந்தது, சூளை ஞாபகம் வரும்வரை.
இந்த மண்ணின் கல்லைச் சுட்டுத்தானே அந்தச் சுண்ணாம்பு;
அங்கே விட்டதைத்தான் இங்கே வாங்குகிறது,
அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை.
விறகுக் கணக்கு வேறு.

ஏழு பத்துக்குக் கரண்ட் வந்தது.
தெரு முழுக்க ஒரு சந்தோஷக் கூச்சல்.
ஜெனரேற்றர் இருமி அடங்கியது.
கோபுரத்துக்குள் மட்டும் இன்னும் சொட்டுகிற சத்தம்.
கரைசல் வெறுந்தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது,
ஒட்சிசன் அதைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது,
அது அடுத்த மாதத் தலையிடி.

பெனடிற் வால்வைப் பூட்டிக்கொண்டே கேட்டான்:
'நாளைக்கும் கரண்ட் போகுமோ மிஸ்?'

தெருவுக்குக் கேட்காதபடி சொன்னேன்:
போகோணும்.